விண்ட் டனல் சோதனையிலிருந்து விமானப் பளுக்களைக் கணிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்ட் டனல் என்பது விமானத்தின் சிறு மாடல்மேல் காற்றை ஓட்டி விசைகளை அளக்கும் கூடம்; இனி ‘டனல்’ என்றால் அதுதான். கீழே வரும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே விமானத்தை எடுத்துக்கொண்டிருக்கிறோம். 150 இருக்கை வகையைச் சேர்ந்த, இரண்டு ஜெட் என்ஜின் கொண்ட பயணிகள் விமானம்; எடை 70 டன், இறக்கைப் பரப்பு 122 சதுர மீட்டர், இறக்கை வீச்சு 34 மீட்டர், சராசரி நாண் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை இறக்கையின் அகலம்) 4.2 மீட்டர். எண்கள் விளக்கத்துக்காகத் தேர்ந்தவை. ஆனால் இந்த வகை விமானங்களின் உண்மையான அளவுகளை ஒட்டியவை.

பறக்கும்போது வரும் பளு என்றால் எதையெல்லாம் சொல்கிறோம்?

காற்று தரும் அழுத்தம், அதை எதிர்த்து நிற்கும் நிறையின் நிலைம விசை ஆகிய இரண்டும் சேர்ந்ததுதான் பளு. மேலே இழுக்கும் திருப்பம், பக்கவாட்டு உருளல், ரட்டர் (நிமிர்வாலின் திருப்புப் பலகை) மிதி, திடீர்க் காற்றுவீச்சு, ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை) இறக்கிய நிலை என ஒவ்வொன்றும் தனித்தனி நிலைமை. வேகம், உயரம், எடை, எரிபொருள் அளவு, எடைமைய இடம் ஆகியவற்றோடு பெருக்கினால் நிலைமைகளின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போய்விடும்.

பயணிகள் விமானத்துக்கான அமெரிக்க விதித்தொகுப்பின் 25ஆம் பகுதி, மேல்நோக்கிய திருப்பப் பளுக்காரணி (ஏற்றுவிசை எடையைப்போல் எத்தனை மடங்கு என்பது) குறைந்தது 2.5 இருக்க வேண்டும் என்கிறது. கீழ்நோக்கி மைனஸ் 1. சேவையில் எதிர்பார்க்கும் உச்சப் பளுவுக்கு வரம்புப் பளு என்று பெயர், அதன் 1.5 மடங்கு இறுதிப் பளு. வரம்புப் பளுவில் நிரந்தர உருக்குலைவு கூடாது. இறுதிப் பளுவை 3 விநாடி தாங்க வேண்டும்.

கணினிப் பாய்வியல் இவ்வளவு வளர்ந்த பிறகும் டனல் எதற்கு?

க்ரூஸ் நிலையில், அதாவது சீரான நெடும்பயணப் பறத்தலில், கணினி நன்றாகச் சொல்லும். பளுவை நிர்ணயிக்கும் நிலைமைகளோ பெரும்பாலும் க்ரூஸிலிருந்து தள்ளி நிற்பவை: அதிகத் தாக்குகோணம் (காற்றோட்டத்துக்கும் இறக்கைக்கும் இடைப்பட்ட கோணம்), வலுவான அதிர்வலை (ஒலிவேகத்தை ஒட்டி எழும் திடீர் அழுத்தத் தாவல்), பாதி பிரிந்த ஓட்டம் (பரப்பை விட்டு விலகிய காற்று), முழுதாகத் திருப்பிய ரட்டர், விரித்த ஸ்பாய்லர் (ஏற்றுவிசையைக் குறைக்கும் மேற்பரப்புப் பலகை). பிரிந்த ஓட்டத்தில் கணினி விடைகள் கொந்தளிப்பு மாதிரியைப் பொறுத்து மாறும். டனலில் ஒரு முறை மாடலை ஏற்றிவிட்டால், ஒரே ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான கோணங்களை அளந்துவிடலாம். அதனால் இன்றைய நடைமுறையில் இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன. டனல் அளவீட்டுப் புள்ளிகளைக் கணினி இடைநிரப்புகிறது. கணினி பிசகும் இடத்தை டனல் காட்டிக்கொடுக்கிறது.

செயல்திறனுக்காக ஏற்கெனவே டனல் சோதனை செய்திருக்கிறோம். அந்த டேட்டாவே பளுவுக்குப் போதாதா?

போதாது. இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். செயல்திறன் பிரிவுக்கு மொத்த ஏற்றுவிசையும் மொத்த இழுவிசையும் தெரிந்தால் வேலை முடிந்தது. கட்டமைப்புப் பிரிவுக்கு அந்த விசை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிய வேண்டும். ஒரே ஏற்றுவிசை இறக்கையின் அடியில் குவிந்தால் ஒரு விமானம், நுனிப்பக்கம் நகர்ந்தால் இன்னொரு விமானம்.

70 டன் எடையை 2.5 ஜியில், அதாவது பளுக்காரணி 2.5இல், திருப்பினால் இறக்கை தூக்க வேண்டியது 175 டன் விசை, அதாவது பக்கத்துக்கு 87.5 டன். (உடற்பகுதி ஏந்தும் பங்கையும் வாலின் கீழ்நோக்கு விசையையும் இங்கே விட்டுவிட்டோம்.) பரவல் நீள்வட்டம் என்று வைத்தால் விசையின் மையம் அரை வீச்சில் 42.4 சதவீதத்தில், அதாவது மையக்கோட்டிலிருந்து 7.2 மீட்டரில் இருக்கும். வளைவுத் திருப்புத்திறன் (விசையைத் தூரத்தால் பெருக்கியது) 630 டன்-மீட்டர். மொத்தம் மாறாமல் மையம் மட்டும் அரை வீச்சில் 1 சதவீதம், அதாவது 17 சென்டிமீட்டர் வெளியே நகர்ந்தால் ஏறத்தாழ 15 டன்-மீட்டர் கூடுகிறது. இது 2.4 சதவீதம். பேலன்ஸ் (மாடல்மேல் வரும் விசையை அளக்கும் கருவி) இதைப் பார்க்கவே பார்க்காது. அதற்கு இரண்டு இறக்கையும் சேர்ந்த மொத்தம்தான் தெரியும்.

அப்படியென்றால் எத்தனை மாடல் தேவை?

குறைந்தது இரண்டு வகை. ஒன்று, உள்ளே ஆறு கூறு (மூன்று விசை, மூன்று திருப்புத்திறன்) பேலன்ஸ் வைத்த விசை மாடல். மற்றொன்று, மேற்பரப்பில் துளைகள் போட்ட அழுத்த மாடல். செலவைக் குறைக்க ஒரே உடற்பகுதியில் இறக்கையை மட்டும் மாற்றிப் பொருத்துவதும் உண்டு. வால் பளுவுக்காக, கிடைவாலையும் நிமிர்வாலையும் தனித்தனிச் சிறு பேலன்ஸ்களின் மேல் ஏற்றுவது நல்ல வழக்கம். வாலைக் கழற்றிவிட்டு ஒரு முறை, மாட்டி ஒரு முறை ஓட்டி, வித்தியாசத்தை வால் விசை என்று எடுப்பது மலிவான வழி. ஆனால் இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணைப் பெறுவதால் பிழை பெருகிவிடும். ஃப்ளட்டர் (காற்றால் தானே பெருகும் இறக்கை அதிர்வு) மாடல் வேறு ரகம். அதில் விறைப்பும் நிறையும் அளவுக்கேற்பப் பொருந்த வேண்டும். பளுப் பரவலுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

மாடலை எந்த அளவில் செய்வது?

டனல்தான் தீர்மானிக்கும். 1.2 மீட்டர் சதுரச் சோதனைக்கூடம் என்று கொள்வோம். 1:50 அளவில் இறக்கை வீச்சு 68 சென்டிமீட்டர், அகலத்தில் 57 சதவீதம். 4 மீட்டர் விட்டமுள்ள உடற்பகுதி 8 சென்டிமீட்டராகிறது. அதன் முகப்பரப்பு சோதனைக்கூடப் பரப்பில் சுமார் 0.35 சதவீதம். ஒலிவேகத்தை நெருங்கும் சோதனையில் மொத்த அடைப்பு (மாடல் மறைக்கும் பரப்பின் பங்கு) 1 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நிம்மதி. குறைந்த வேக டனலில் 5 சதவீதம் வரை சமாளிக்கலாம்.

மாடல் சிறியதாகச் சிறியதாகப் பிரச்சினைகள் வேறு பக்கம் முளைக்கும். நிஜத்தில் 1.5 மீட்டர் இருக்கும் நுனி நாண் இங்கே 30 மில்லிமீட்டர்; தடிமன் 3 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அதற்குள் அழுத்தக் குழாய்களை ஓட்டுவது பொற்கொல்லர் வேலை.

பேலன்ஸில் எவ்வளவு துல்லியம் கிடைக்கும்? எங்கே கெடும்?

ஸ்ட்ரெய்ன் கேஜ் (உலோகத்தின் நுண்ணிய நீட்சியை அளக்கும் உணரி) பேலன்ஸுகளின் பிழை வழக்கமாக அவற்றின் முழு அளவில் 0.1 முதல் 0.3 சதவீதம். கவனிக்க வேண்டிய சொல் ‘முழு அளவில்’. வளிமண்டல மொத்த அழுத்தத்தில் மாக் 0.8இல் (ஒலிவேகத்தில் 0.8 மடங்கு) இயக்க அழுத்தம் (காற்றின் வேகத்தால் வரும் அழுத்தம்) சுமார் 29.8 கிலோபாஸ்கல். 1:50 மாடலின் இறக்கைப் பரப்பு 0.0488 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 1,454 நியூட்டன். 5,000 நியூட்டன் பேலன்ஸில் 0.2 சதவீதம் என்றால் 10 நியூட்டன். ஏற்றுவிசைக் கெழுவில் (ஏற்றுவிசையை அந்த 1,454ஆல் வகுத்தது) 0.007. கெழு 0.7 என்றால் இதுவே 1 சதவீதப் பிழை. 2,000 நியூட்டன் பேலன்ஸ் வைத்தால் 0.003க்கு இறங்கும். ஆனால் ஊதுவகை டனல்களில் (சேமித்த அழுத்தக் காற்றைச் சிறிது நேரம் திறந்துவிடுபவை) ஓட்டம் தொடங்கும்போதும் நிற்கும்போதும் வரும் அதிர்ச்சி, சீரான பளுவைவிடப் பெரியது. அந்த இடைவெளியை விட்டுத்தான் பேலன்ஸைத் தேர்ந்தெடுக்க முடியும்.

கெடுக்கும் காரணங்களில் முதலிடம் வெப்பநிலைக்கு. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் காற்றில்லா நிலையின் சுழி அளவீடு எடுத்து ஒப்பிடுங்கள். நகர்ந்திருந்தால் அந்த ஓட்டத்தை நம்பாதீர்கள். அடுத்தது, மாடல் எடை. கோணம் மாறும்போது எடை வேறு வேறு கூறுகளில் விழும். எனவே காற்றில்லாமல் முழுக் கோண வீச்சையும் ஒரு முறை ஓட்டிக் கழிக்க வேண்டும். மூன்றாவது, அழுத்தக் குழாய்களும் மின்கம்பிகளும் பேலன்ஸைத் தாண்டிப் போகும்போது விசையின் ஒரு பங்கைத் தாங்களே சுமப்பது. மாடலில் தெரிந்த எடையைத் தொங்கவிட்டு, குழாய்களோடும் குழாய்கள் இல்லாமலும் அளந்து பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

அழுத்தத் துளைகள் எத்தனை, எங்கே?

பளுக் கணிப்பின் தரம் பெரும்பாலும் இந்த முடிவில்தான் இருக்கிறது.

இறக்கையில் 7 அல்லது 8 நாண்வரிசைகள், வரிசைக்கு 30 முதல் 40 துளைகள் என்பது நியாயமான தொடக்கம். வரிசைகளைச் சம இடைவெளியில் வைக்காதீர்கள். உடற்பகுதிச் சந்திப்பு, என்ஜின் தூணின் இருபுறம், பின்விளிம்புக் கோடு திசை மாறும் இடம், எய்லரானின் (உருளலுக்கான பின்விளிம்புப் பலகை) நடு, நுனிக்குச் சற்று உள்ளே ஆகிய இடங்களில் பரவல் வேகமாக மாறும். அங்கே குறைந்தது ஒவ்வொன்று வேண்டும். எய்லரான் முழுவதையும் ஒரே வரிசையால் பிடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பிறகு கீல் பளுக் கணக்கில் சிரமப்படுவார்கள்.

நாண்வாட்டில் முதல் 10 சதவீதத்துக்குள் மட்டும் 8 துளைகள் போகட்டும். முன்விளிம்பின் உறிஞ்சு உச்சம் மிகக் கூர்மையானது. அதைத் தவறவிட்டால் தொகைக்கணக்கில் முன்புற விசை குறையும். அழுத்த மையம் உள்ளபடி இருப்பதைவிடப் பின்னால் தெரியும். முறுக்குத் திருப்புத்திறன் அப்படியே தவறாகும். அதிர்வலை நடமாடும் 40 முதல் 75 சதவீதம் வரையிலான மேற்பரப்பில் நாணின் 2 அல்லது 3 சதவீதத்துக்கு ஒரு துளை. கீழ்ப்பரப்பில் தாராளமாக இடைவெளி விடலாம்.

துளை விட்டம் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர். பரப்புக்குச் செங்குத்தாக, விளிம்பில் பிசிறு இல்லாமல். சிறிய பிசிறே அழுத்தத்தை மாற்றிக் காட்டும். மெல்லிய இறக்கையில் இடம் போதாதபோது மேற்பரப்புத் துளைகளை இடது இறக்கையிலும் கீழ்ப்பரப்புத் துளைகளை வலது இறக்கையிலும் போடுவார்கள். இது நல்ல வழிதான். ஆனால் பக்கச்சறுக்குச் (காற்று பக்கவாட்டில் சாய்ந்து வரும் நிலை) சோதனையில் ஒரே இறக்கையின் மேலும் கீழும் வேண்டுமென்றால், சறுக்குக் கோணத்தைப் பிளஸிலும் மைனஸிலும் ஓட்டி ஒன்றை மற்றதோடு சேர்க்க வேண்டும். சோதனை அட்டவணையில் இதை எழுத மறந்தால் அரை இறக்கை டேட்டாதான் வீட்டுக்கு வரும்.

ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு துளையிலும் அழுத்தம் கொடுத்து, அடைத்து, ஒரு நிமிடம் நிற்கிறதா என்று பாருங்கள். கசியும் குழாயும் அடைந்த குழாயும் வரைபடத்தில் நியாயமான எண்கள்போலவே காட்சி தரும். நீண்ட மெல்லிய குழாயில் அழுத்தம் நிலைக்க நேரமாகும். ஊதுவகை டனலில் ஓர் ஓட்டத்துக்குக் கிடைப்பது சில பத்து விநாடிகள். ஆகவே அழுத்தங்களை அளக்கும் ஸ்கேனர் பெட்டியை மாடலின் மூக்குக்குள்ளேயே வைத்துக் குழாயைச் சுருக்குங்கள். கோணத்தைத் தொடர்ந்து நகர்த்தாமல் நிறுத்தி நிறுத்தி அளவிடுங்கள்.

அழுத்தம் உணரும் வண்ணப்பூச்சு, ஆக்சிஜன் அளவுக்கேற்ப ஒளிர்வு குறையும் சாயத்தைக் கொண்டது. முழுப்பரப்பையும் படமாகத் தருகிறது. துளைக்கு இடமில்லாத நுனிப்பகுதிக்கு வரப்பிரசாதம். வெப்பநிலை அதையும் ஏமாற்றும். எனவே சில துளைகளாவது கூடவே இருந்து அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். குறைந்த வேகத்தில் அழுத்த வித்தியாசம் சிறிதாக இருப்பதால் இரைச்சலே மேலோங்கும்.

அழுத்தத்தைத் தொகுத்து வரும் விசையும் பேலன்ஸ் விசையும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

மொத்தத்துக்குப் பேலன்ஸை, பரவலுக்கு அழுத்தத்தை. 2, 3 சதவீத வித்தியாசம் இயல்பு. உடற்பகுதியில் துளைகள் குறைவு என்பதால் அதன் பங்கு தொகையில் விடுபடும். அதைச் சரிசெய்யாமல், பேலன்ஸோடு பொருந்துவதற்காக இறக்கை முழுவதையும் ஒரே எண்ணால் பெருக்குவது கெட்ட பழக்கம். உடற்பகுதி ஏந்தவேண்டிய விசையை இறக்கையின் நுனிவரை பரப்பிவிடுகிறது அது. வேர் வளைவு தேவையில்லாமல் கூடும். முதலில் இறக்கையில்லா உடற்பகுதி ஓட்டத்தையும் கணினி விடையையும் வைத்து உடற்பகுதியின் பங்கைப் பிரித்தெடுங்கள். மீதி வித்தியாசத்தை மட்டும் இறக்கையில் பகிருங்கள். 5 சதவீதத்தைத் தாண்டினால் பகிர வேண்டாம். கசிவையும் தவறான துளை எண்ணையும் தேடுங்கள்.

ரெனால்ட்ஸ் எண் வித்தியாசம் பளுவை உண்மையிலேயே மாற்றுமா?

மாற்றும். மாற்றிய வரலாறும் உண்டு. ரெனால்ட்ஸ் எண் என்பது ஓட்டத்தில் நிலைம விசைக்கும் பாகுத்தன்மை விசைக்கும் உள்ள விகிதம்; அளவும் வேகமும் கூடினால் அதுவும் கூடும்.

நமது விமானம் 35,000 அடியில் மாக் 0.78இல் பறக்கும்போது சராசரி நாணை வைத்து ரெனால்ட்ஸ் எண் சுமார் 2.6 கோடி. கடல்மட்டத்தில் 350 நாட் வேகத்தில் 5 கோடியைத் தாண்டும். 1:50 மாடலுக்கு வளிமண்டல அழுத்தத்தில், மாக் 0.8இல் கிடைப்பது 11 லட்சம். நிஜ இறக்கையில் எல்லைப்படலம் (பரப்பை ஒட்டி மெதுவாகும் காற்றடுக்கு) ஒப்பீட்டளவில் மெல்லியது, மாடலில் தடித்தது. தடித்த எல்லைப்படலம் அதிர்வலையை முன்னே தள்ளும், பின்விளிம்பில் ஓட்டத்தைச் சீக்கிரம் பிரிக்கும்.

லாக்ஹீட் சி-141 சரக்கு விமானம் 1963 டிசம்பரில் முதன்முதலாகப் பறந்தது. அதன் இறக்கையின் அதிர்வலை டனலில் கண்ட இடத்தைவிடப் பறத்தலில் கணிசமாகப் பின்னால் நின்றது. மாடலில் முன்விளிம்புக்கு அருகே செயற்கையாகக் கொந்தளிப்பாக்கிய எல்லைப்படலம், அதிர்வலையைச் சேரும்போது அளவுக்கு மீறித் தடித்திருந்ததே காரணம். விசை பின்னே போனால் மூக்கைக் கீழே அமுக்கும் திருப்புத்திறன் கூடும், இறக்கை முறுக்கும் கூடும், அதைச் சமன்செய்ய வாலின் கீழ்நோக்கு விசையும் கூடும். நமது விமானத்தில் 2.5 ஜியில் அழுத்த மையம் நாணில் 3 சதவீதம் பின்னே போவதாக வைத்தால், ஓர் இறக்கைக்கு ஏறத்தாழ 11 டன்-மீட்டர் கூடுதல் முறுக்கு. மொத்த ஏற்றுவிசை அப்போதும் அதேதான். இந்த அனுபவமும் இதுபோன்றவையும்தான், உயர் ரெனால்ட்ஸ் எண் தரும் டனல்கள் வேண்டும் என்ற வாதத்தை வலுப்படுத்தின. நாசாவின் லாங்லி மையத்தில் 1980களில் இயங்கத் தொடங்கிய டனலும், ஜெர்மனியின் கொலோன் நகரில் உள்ள ஐரோப்பிய டனலும் திரவ நைட்ரஜனைத் தெளித்து வாயுவைக் குளிர்விக்கின்றன. கொலோனில் 110 கெல்வின் வரை இறங்கலாம், அழுத்தம் 4.5 பார் வரை. குளிர்ந்த வாயு அடர்த்தி கூடியது, பாகுத்தன்மை குறைந்தது. சிறிய மாடலிலேயே நிஜ ரெனால்ட்ஸ் எண்ணை எட்ட முடிகிறது.

அந்த மாதிரி டனல் எட்டாதவர்கள் என்ன செய்வது?

எல்லைப்படலத்தைச் செயற்கையாகக் கொந்தளிப்பாக்க மாடலில் ஒட்டும் துகள் பட்டைக்கு ட்ரிப் என்று பெயர். அதைப் புத்தியோடு வையுங்கள். அதன் உயரத்துக்கான பழைய அளவுகோல், துகளின் உயரத்தையும் அதன் உச்சியில் உள்ள ஓட்ட நிலையையும் வைத்துக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் 600 இருக்க வேண்டும் என்பது. நமது நிலையில் ஒரு மீட்டருக்கு ரெனால்ட்ஸ் எண் 1.35 கோடி, தோராயமாக 0.045 மில்லிமீட்டர் வருகிறது. உச்சியில் ஓட்டம் மெதுவாக இருப்பதால் நடைமுறையில் இன்னும் சற்று உயரம் தேவை. ஆனால் தேவைக்கு மேல் தடித்தால் ட்ரிப்பே எல்லைப்படலத்தை வீங்கவைக்கும்.

இடம் அதைவிட முக்கியம். பளுச் சோதனையில் ட்ரிப்பைப் பின்னே தள்ளி வைத்து, பின்விளிம்பில் எல்லைப்படலத் தடிமன் நாணோடு கொள்ளும் விகிதம் நிஜ விமானத்தினுடையதை ஒட்டி வரச் செய்யலாம். ட்ரிப்புக்கு முன்னால் படலம் அடுக்கோட்டமாக (கொந்தளிப்பின்றி) நிற்கிறதா என்பதைச் சோதிக்க வேண்டும். அதிர்வலை ட்ரிப்புக்கு முன்னே வந்துவிடும் கோணங்களில் இந்த உத்தி செல்லாது. குறைந்தது இரண்டு ட்ரிப் நிலைகளில் ஓட்டி அதிர்வலை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். நகர்ந்தால் அந்த நிலைமையின் பளுவுக்கு ஒரு வரம்பைக் கொடுங்கள். ஒற்றை எண் போதாது.

எஃகு மாடல் வளையுமா?

வளையும். அழுத்தமேற்றிய டனலில் இறக்கை நுனி ஒரு பாகையளவு முறுகுவது சாத்தியம். பின்சாய்ந்த இறக்கை மேலே வளைந்தால் நுனியின் தாக்குகோணம் குறையும். விசை உள்ளே நகரும். அதைக் கவனிக்காமல் விட்டால் மாடலின் வளைவை ரெனால்ட்ஸ் எண் விளைவு என்று தவறாகப் படித்துவிடுவோம். இறக்கையில் புள்ளிக்குறிகள் ஒட்டி, இரண்டு கேமராவால் படமெடுத்து, ஒவ்வொரு கோணத்திலும் முறுக்கத்தை அளக்கலாம். குளிரூட்டிய டனல்களின் பெரிய வசதி, இயக்க அழுத்தத்தை மாற்றாமல் ரெனால்ட்ஸ் எண்ணை மட்டும் மாற்றலாம் என்பது. இரண்டு விளைவும் தனித்தனியே பிரிந்துவிடும்.

நிஜ விமானம் இன்னும் அதிகமாக வளையும், அதுவும் வேறு விதமாக. மாடலைப் பெரும்பாலும் 1 ஜி க்ரூஸ் வடிவத்தில் வெட்டுவார்கள். 2.5 ஜியில் நிஜ இறக்கை அந்த வடிவத்தில் இருக்காது. ஆகவே டனல் டேட்டாவை முதலில் விறைப்பான இறக்கையின் டேட்டாவாகத் திருத்தி, பிறகு கட்டமைப்பின் நெகிழ்வு அணியோடு (எந்த விசைக்கு எவ்வளவு வளையும் என்ற எண்தொகுதி) சேர்த்து, விசை வடிவத்தையும் வடிவம் விசையையும் மாற்றும் சுற்றை முடிவுக்கு வரும்வரை ஓட்ட வேண்டும். அதிக இயக்க அழுத்தத்தில் எய்லரான் திறன் குறைவதும் இதே கணக்கில்தான் வெளிப்படும்.

சுவர், ஸ்டிங் (மாடலைத் தாங்கும் தண்டு) திருத்தங்கள்?

சுவர் ஓட்டத்தை மேல்நோக்கிச் சாய்க்கும், அடைப்பு வேகத்தைக் கூட்டும். துளையிட்ட சுவரில் திருத்தம் சிறியது, ஆனால் நிச்சயமின்மை பெரியது. வாலின் இடத்தில் சாய்வு இறக்கையின் இடத்தில் உள்ளதுபோல் இருக்காது என்பதால் வால் பளுவுக்குத் தனித் திருத்தம் உண்டு. ஓட்டச் சாய்வைக் கண்டுபிடிக்க, மாடலை நேராகவும் தலைகீழாகவும் ஓட்டிச் சராசரி எடுப்பது வழக்கம். பின்னாலிருந்து நுழையும் ஸ்டிங் உடற்பகுதியின் வாலைத் தடிக்கச் செய்வதால் கிடைவால் விசை பிசகும். போலி ஸ்டிங் வைத்து வேறு தாங்கியில் ஓட்டி அந்த வித்தியாசத்தை அளக்கலாம்.

கெழுவிலிருந்து கட்டமைப்புப் பளுவுக்கு எப்படிப் போவது?

ஒவ்வொரு வரிசையிலும் அழுத்தத்தைத் தொகுத்தால் அந்த வெட்டின் செங்குத்து விசைக் கெழுவும் திருப்புத்திறன் கெழுவும் கிடைக்கும். நாண் நீளத்தாலும் இயக்க அழுத்தத்தாலும் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு இத்தனை விசை. நுனியிலிருந்து வேர்வரை கூட்டிக்கொண்டே வந்தால் வெட்டுவிசை. அதை மறுபடி கூட்டினால் வளைவு. மீள்அச்சைச் (விசை விழுந்தால் இறக்கை முறுகாமல் வளைய மட்டும் செய்யும் கோடு) சுற்றி எடுத்தால் முறுக்கு.

கடல்மட்டத்தில் விநாடிக்கு 180 மீட்டர், அதாவது சுமார் 350 நாட் வேகத்தில் இயக்க அழுத்தம் 19.8 கிலோபாஸ்கல். 2.5 ஜிக்குத் தேவையான ஏற்றுவிசைக் கெழு 0.71. அந்தக் கெழுவில், அந்த மாக் எண்ணில் எடுத்த பரவலைத்தான் பயன்படுத்த வேண்டும். 1 ஜி பரவலை இரண்டரையால் பெருக்குவது தவறு. ஏற்றுவிசை சுழியாக இருக்கும்போதே இறக்கை முறுக்கத்தால் ஒரு பரவல் இருக்கிறது. அது பளுக்காரணியோடு வளராது.

அடுத்து நிலைம விசையைக் கழிக்க வேண்டும். ஓர் இறக்கையில் 6 டன் எரிபொருள், மையக்கோட்டிலிருந்து 5.5 மீட்டரில் இருந்தால் 2.5 ஜியில் அது 82 டன்-மீட்டர் வளைவைக் குறைக்கிறது, ஏறத்தாழ 13 சதவீதம். எனவே உடற்பகுதி நிறைந்து இறக்கைத் தொட்டி காலியாக இருப்பதே பல இடங்களில் மோசமான நிலைமை. கடைசியில் ஒவ்வொரு வெட்டிலும் வளைவு ஒரு அச்சு, முறுக்கு மற்றோர் அச்சு என்று வரைந்து, ஆயிரக்கணக்கான புள்ளிகளின் வெளிவிளிம்பில் நிற்பவற்றை மட்டும் கட்டமைப்புப் பிரிவுக்கு அனுப்புவோம். உச்ச வளைவையும் உச்ச முறுக்கையும் தனித்தனியே எடுத்து ஒன்றாகச் சேர்த்தால், ஒருபோதும் நடக்காத ஒரு நிலைமைக்கு எடையைச் செலவழித்தவர்களாவோம்.

வால் பளு ஏன் இவ்வளவு நுணுக்கமானது?

வால் சுமப்பது பெரிய விசைகளின் மிச்சத்தை. வாலில்லா விமானத்தின் திருப்புத்திறன் கெழுவில் 0.01 பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வேகத்தில் அது 1.02 லட்சம் நியூட்டன்-மீட்டர். வால் 16 மீட்டர் பின்னால் இருந்தால் 6,350 நியூட்டன், அதாவது சுமார் 650 கிலோ விசைப் பிழை. வேகம் கூடக்கூட வர்க்கத்தில் வளரும். ஏற்றுவிசைக் கணக்கில் கண்ணுக்கே தெரியாத அளவு இது.

நிமிர்வாலுக்குப் பக்கச்சறுக்கு வரம்பைத் தாராளமாக வைத்துச் சோதியுங்கள். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் ஏர்பஸ் ஏ300-600 விமானத்தின் நிமிர்வால் பிய்ந்து விழுந்தது. ரட்டர் மாறி மாறி முழுதாகத் திருப்பப்பட்டதில் வரம்புப் பளுவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விசை வந்திருந்தது என்று விசாரணை கண்டது. அன்றைய விதி ரட்டரை ஒருமுறை திருப்பி விடுவதை மட்டுமே கேட்டது. எதிர்த்திருப்பம் அதில் இல்லை. இப்போது எதிர்த்திருப்பத்துக்கும் தனி விதி சேர்ந்திருக்கிறது. அதனால் பெரிய சறுக்குக் கோணமும் எதிர்ப்பக்கம் திரும்பிய ரட்டரும் சேர்ந்த புள்ளிகள் டனல் அட்டவணையில் இருந்தே ஆக வேண்டும்.

எய்லரான், எலிவேட்டர் (கிடைவாலின் அசையும் பலகை) கீல் பளு?

ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டிய கீல்தாங்கியில் பொருத்தி நேரடியாக அளப்பது சிறந்தது. இடைவெளியே இங்கு எதிரி. நிஜத்தில் சில மில்லிமீட்டர் இருக்கும் கீல் இடைவெளி மாடலில் அளவுக்கேற்பச் சுருங்காது. காற்று ஊடுருவிக் கெழு மாறும். அடைத்தும் திறந்தும் இருமுறை ஓட்டிப் பாருங்கள்.

திடீர்க் காற்றுவீச்சை டனலில் அளக்க முடியுமா?

பொதுவாக நேரடியாக அளப்பதில்லை. டனல் தருவது ஏற்றுவிசைக் கோட்டின் சாய்வை. பழைய எளிய வாய்பாட்டில், விநாடிக்கு 50 அடி வீச்சுக்கு நமது விமானத்தின் கூடுதல் பளுக்காரணி சுமார் 1.17, சாய்வு ரேடியனுக்கு 5 என்று எடுத்திருக்கிறோம். சாய்வில் 5 சதவீதம் தவறினால் அது 4.5 சதவீதம் தவறும். இன்றைய விதி உச்சத்தை எட்ட 30 முதல் 350 அடிவரை எடுக்கும் கொசைன் வடிவ வீச்சுகளுக்கு, நெகிழும் விமானத்தின் முழு அசைவையும் கணக்கிடச் சொல்கிறது. அதற்கான நிலையற்ற காற்றுவிசைகள் டப்லெட்-லாட்டிஸ் என்ற கணக்கீட்டு முறையில் வரும். ஒலிவேகத்தை நெருங்கும்போது அந்த முறைக்கு அதிர்வலை தெரியாது. அதனால் அதன் அணியை டனல் அழுத்தங்களோடு பொருந்தும்படி எடைக்காரணிகளால் திருத்துவார்கள். திருத்தக் காரணி எங்காவது 0.5க்குக் கீழோ 2க்கு மேலோ போனால், அங்கே கணிதம் பொருந்தியிருக்கிறதே தவிர இயற்பியல் பொருந்தவில்லை என்று கொள்ளுங்கள்.

பஃபெட் (பிரிந்த ஓட்டம் அடித்து வரும் நடுக்கம்)?

அதற்குச் சராசரி அழுத்தம் பயன்படாது. வேகமாகத் துடிக்கும் அழுத்தத்தை அளக்கும் சென்சார்கள் வேண்டும். எஃப்/ஏ-18 போர்விமானத்தில் இறக்கையின் முன்நீட்சியிலிருந்து கிளம்பும் சுழல் உடைந்து இரட்டை வால்களை அடித்தது. களைப்பு விரிசல்கள் வந்தன. முன்நீட்சியின் மேல் சிறு தடுப்புகள் பொருத்தப்பட்டன. நாசா ஏம்ஸ் மையத்தில் 24 மீட்டருக்கு 37 மீட்டர் டனலில் முழு விமானத்தையே வைத்து அளந்தார்கள்.

டனல் கணிப்பு சரிதானா என்பதை எப்படி உறுதி செய்வது?

முதலில் தரைச் சோதனை. ஆனால் அது கட்டமைப்பின் வலுவைச் சோதிக்கிறது. பளு சரியா என்பதைச் சொல்லாது. போயிங் 777இன் இறக்கை 1995இல் வரம்புப் பளுவின் 154 சதவீதத்தில் உடைந்தது. ஏ380இன் இறக்கை 2006இல் 1.45 மடங்கைத் தாண்டி, 1.5ஐத் தொடுவதற்குள் உடைந்தது. இவ்வளவு நெருக்கமாக வடிவமைக்கும்போது, பளுக் கணிப்பில் 3 சதவீதம் தவறினால் அந்த இடைவெளி முழுதும் கரைந்துவிடும்.

பளுவைச் சரிபார்ப்பது பறத்தல் சோதனை. இறக்கையின் பல வெட்டுகளில் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டி, தரையில் தெரிந்த பளுக்களை ஏற்றி, கேஜ்களின் எந்தச் சேர்க்கை வெட்டுவிசையைத் தருகிறது, எது வளைவைத் தருகிறது என்று சமன்பாடு அமைப்பார்கள். 1954இல் அமெரிக்காவின் நாகா அமைப்பு (நாசாவின் முன்னோடி) வெளியிட்ட முறை இன்றும் அடிப்படையாக இருக்கிறது. பறத்தலில் வரும் முறுக்கு மட்டும் கணிப்பிலிருந்து விலகினால் அதிர்வலை இடத்தைச் சந்தேகியுங்கள். வளைவு மட்டும் விலகினால் நெகிழ்வு அணியை. இரண்டும் ஒரே விகிதத்தில் விலகினால் பெரும்பாலும் எடைக்கணக்கிலோ வேக அளவீட்டிலோதான் பிழை.

இந்தியாவில் இந்த வசதிகள் எங்கே?

பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தின் 1.2 மீட்டர் ஊதுவகை டனல், ஒலிவேகத்துக்குக் கீழிருந்து மாக் 4 வரை செல்லும். தேஜஸ் மாடல்கள் அங்கே சோதிக்கப்பட்டன. கான்பூர் ஐஐடியில் 3 மீட்டருக்கு 2.25 மீட்டர் குறைவேக டனல் இருக்கிறது. ஃப்ளாப் நிலைகளுக்கும் தரையருகு நிலைகளுக்கும் ஏற்றது.

டனலை முன்பதிவு செய்யும் முன் பளுப் பிரிவு எதையெல்லாம் எழுதிக் கேட்க வேண்டும்?

மாடல் எந்த வடிவத்தில் வெட்டப்படுகிறது, ஜிக் வடிவமா (பளு ஏறாத வடிவம்) 1 ஜி வடிவமா என்பதை. கோண வீச்சு, ஓட்டம் பிரிந்த பிறகும் 3, 4 பாகை தொடர வேண்டும் என்பதை. நேர்க்கோட்டில் வளராத இடங்களில் கோண இடைவெளி அரை பாகை. மற்ற இடங்களில் 2 பாகை போதும். கட்டுப்பாட்டுப் பரப்புகளைத் தனியாகவும் சேர்த்தும் திருப்பிய புள்ளிகள். தனித்தனி விளைவுகளைக் கூட்டினால் சேர்ந்த விளைவு வந்துவிடும் என்று நம்ப வேண்டாம், ஸ்பாய்லரும் எய்லரானும் சேரும்போது குறிப்பாக. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இயக்க அழுத்தமும் மாடல் முறுக்கமும் பதிவாக வேண்டும். ஒரே நிலைமையைச் சோதனைத் தொடரின் தொடக்கத்திலும் நடுவிலும் கடைசியிலும் மறுபடி ஓட்ட வேண்டும். திருத்தப்படாத மூல டேட்டாவும், எந்தத் திருத்தம் எந்த வரிசையில் போடப்பட்டது என்ற பட்டியலும் கோப்போடு வர வேண்டும்.